தலை சுற்றவில்லை, ஆனால் நிற்க முடியவில்லை

ஜென்டாமைசின் என்று ஒரு ஊசி இருக்கிறது. சிறுநீரகத்தில் கிருமி தொற்றிக் குளிர்காய்ச்சல் வந்து ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எனக்கு அதைத்தான் போட்டார்கள். காய்ச்சல் நின்றது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே என் இரண்டு காதுக்குள்ளும் இருக்கிற சமநிலை உறுப்பும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கிறது. தலை சுற்றுவதில்லை. ஆனால் இருட்டில் நிற்க முடியாது, நடந்துகொண்டே எதையும் தெளிவாகப் பார்க்க முடியாது. இப்படியும் ஒரு வியாதி உண்டென்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, 60,000 ரூபாய்க்கு மேல் செலவாகி, கையும் ஒடிந்தது. முன்னாடியே யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கரும்பு, இரண்டு கறவை மாடு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வடக்கே லைனுக்குப் போனால் திரும்பி வர நாளாகும். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். தோட்டத்தில் பெரும்பாலும் நான் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அப்படித்தான், தங்கச்சி வந்து வந்து போனாள். ஊசி போட வந்த நர்ஸிடம் என்ன ஊசி என்று கேட்டேன். "ஆன்டிபயாடிக்ங்கம்மா" என்றது. கிரியேட்டினின் (சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு) கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுமாம். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்து உடம்பிலேயே தங்கும், அளவைக் குறைக்க வேண்டும், இல்லை இடைவெளி விட்டுப் போட வேண்டும். இதெல்லாம் பின்னாடி தெரிந்துகொண்டது.

வீட்டுக்கு வந்த புதிதில் தள்ளாட்டத்தைக் காய்ச்சல் பலவீனம் என்றே எல்லோரும் நினைத்தோம். படுத்தே கிடந்த உடம்பு, எழுந்து நடந்தால் தள்ளாமல் என்ன செய்யும்? ஒரு ராத்திரி கரண்ட் போனபோது வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிக்குப் போக எழுந்தேன். கட்டிலை விட்டு ஒரு எட்டு வைத்ததும் எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை. சுவரைத் தடவிப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விடிந்ததும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் கவனித்தால் பகலிலும் ஒரு கோளாறு இருந்தது. நடக்கும்போது எதிரே இருப்பதெல்லாம் குலுங்கும். தடத்தில் எதிரே வருகிறவர் யார் என்று நின்று பார்த்தால்தான் அடையாளம் தெரியும். நடந்துகொண்டே பார்த்தால் மூக்கும் கண்ணும் கலங்கித் தெரியும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வெளியே கடை போர்டைப் படிக்க முடியாது. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைவேன். "அந்தம்மா என்னமோ போட்டுக்கிட்டு நடக்குதாட்ட இருக்குது" என்று யாரோ சொன்னது நாலு வாய் சுற்றி எனக்கே வந்தது. அன்றைக்கு அழுதேன். அடுத்த நாளிலிருந்து பாலைப் பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் கொடுத்துவிட்டேன்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. ஊரில் ஒருத்தர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார். இன்னொருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பட்டை மாட்டிவிட்டார். என் வயசுக்கு (48) யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும் என்று பிற்பாடு ஒரு டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். நரம்பு டாக்டர் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், அதில் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்று வந்ததும் "மனசுல என்னங்கம்மா கவலை?" என்று ஆரம்பித்தார்கள். எங்கே போனாலும் முதல் கேள்வி "தலை சுத்துதா?" என்பதுதான். "சுத்துலீங்க, தள்ளுது" என்பேன். சீட்டில் தலைசுற்றல் என்றுதான் எழுதுவார்கள். அதற்கு மாத்திரை. பீட்டாஹிஸ்டின், சின்னாரிசின் என்று மாற்றி மாற்றி மாதக்கணக்கில் சாப்பிட்டேன். தூக்கம் வந்ததுதான் மிச்சம், தள்ளாட்டம் கூடியது.

டாக்டரிடம் போனால் "தலை சுத்துதுங்க" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வீடு சுற்றுகிறதா, உடம்பு தள்ளுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது, சில நொடியா, சில மணி நேரமா, நாள் முழுக்கவா? என்ன செய்தால் வருகிறது, படுக்கையில் புரண்டாலா, எழுந்து நின்றாலா, இருட்டிலா? காது அடைப்பதோ இரைவதோ உண்டா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். தொந்தரவு ஆரம்பிப்பதற்கு முந்தின இரண்டு மூன்று மாதத்தில் போட்ட ஊசி, சாப்பிட்ட மருந்து எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள்.

மாமியார் சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார், படியேறிப் போக வேண்டும் என்று. 1320 படி. ஏறியதில் பெரிய கஷ்டமில்லை. படி கண்ணுக்கு நேரே இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது. திரும்பி இறங்கப் பார்த்தபோதுதான் காலடியில் படிகளெல்லாம் அலைய ஆரம்பித்தன. கொஞ்சத் தூரம் குழந்தைகளாட்டம் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே போய் மலைப்பாதை பஸ்ஸில் வந்தோம். மாமியார் வழியெல்லாம் பேசவே இல்லை. அவருக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம். அதற்கும் ஒரு 4,000 ரூபாய் ஆனது.

கை ஒடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அரப்பு கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, குனிந்தபடியே சொம்புக்குக் கையை நீட்டினேன். வழுக்கவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், கால் வைத்த இடத்திலேயேதான் இருந்தது. உடம்பு மட்டும் சாய்ந்துகொண்டே போகிறது, சாய்கிறோம் என்பதே தெரியவில்லை. துவைக்கிற கல்லில் இடது கை ஊன்றியதும் மணிக்கட்டில் ஒரு சத்தம். கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, தலையெல்லாம் பச்சைப் பச்சையாக அரப்பு வழிகிறது, போன் ஆசாரத்தில் கிடக்கிறது. கத்திக் கத்தித் தொண்டை வறண்ட பிறகுதான் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்தார். மாவுக்கட்டுக் கட்டிய எலும்பு டாக்டர், "எப்படிம்மா விழுந்தீங்க?" என்றார். "கண்ணை மூடுனனுங்க, விழுந்துட்டனுங்க" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணை மூடினால் மட்டும்தான் விழுகிறீர்களா, இருட்டிலும் இப்படியா என்று இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டு, கோயமுத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இத்தனை நாள் பார்த்த டாக்டர்களில் எலும்பு டாக்டருக்குத்தான் அது பட்டது.

கோயமுத்தூர் டாக்டரம்மா தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினார். நல்ல காது இருக்கிறவர்களுக்குத் தலை திரும்பினாலும் கண் மூக்கை விட்டு நகராதாம். என் கண் தலையோடு போய்விட்டு, அப்புறம் துள்ளித் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் அப்படியே. எழுத்து அட்டையைத் தலை ஆடாமல் கடைசி வரிக்குக் கிட்டத்தில் வரைக்கும் படித்தேன். தலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே படிக்கச் சொன்னதும் மேலே இரண்டு வரி மட்டும்தான் தெரிந்தது. மெத்தையான பஞ்சுத் துண்டின் மேல் நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார், பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். காதுக்குள் குளிர்ந்த தண்ணீரும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுப் பார்த்தார்கள். அதற்குத் தலை சுற்ற வேண்டும், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்கும் சோதனை மட்டும் சரியாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் கேட்டார்: "ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின்னு ஏதாவது ஊசி போட்டாங்களா?"

ஈரோட்டில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் ஊசியின் பெயர் இல்லை, ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. முழுக் கேஸ் ஷீட் வேண்டும் என்று போய்க் கேட்டால் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தார்கள். பையன் தேடிப் பார்த்து, 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளில் நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும், உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருப்பதைச் சொன்னான். அதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் கேட்டோம். அன்றைக்குச் சாயங்காலமே ஜெராக்ஸ் வந்துவிட்டது. ஊசியின் பெயர், அளவு, தேதி எல்லாம் அதில் இருந்தது. வாயால் கேட்டு அலையாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

டாக்டரம்மா விளக்கியதை நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் தெரியும்தானே, உள் காதில் அந்த வேலையைச் செய்ய ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாயும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை திரும்பினால் குழாய்க்குள் இருக்கிற திரவம் நகர்ந்து, மெல்லிய முடி போன்ற நுனியுள்ள செல்களை வளைக்கும். அந்தச் சேதி மூளைக்குப் போய், தலை வலப்பக்கம் திரும்பினால் கண்ணை அதே அளவு இடப்பக்கம் திருப்பும். அதனால்தான் நடக்கும்போது உலகம் குலுங்காமல் தெரிகிறது. ஜென்டாமைசின் அந்தச் செல்களைக் கொன்றுவிடும். போனவை மறுபடி முளைக்காது. ஒரு பக்கம் மட்டும் பழுதானால் இரண்டு பக்கச் சேதியும் பொருந்தாமல் தலை சுற்றும். இரண்டு பக்கமும் ஒன்றாகப் போனால் சுற்றல் பெரிதாக இருக்காது, தள்ளாட்டமும் குலுங்கலும்தான். இதனால்தான் பல பேருக்குக் கண்டுபிடிக்கவே நாளாகிறதாம். 1952ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், அதே வகை ஊசியான ஸ்ட்ரெப்டோமைசினால் இப்படி ஆனவர், படுத்துப் படிக்கும்போது தன் நாடித்துடிப்புக்கே எழுத்து ஆடியதென்றும், கட்டில் கம்பிகளுக்கு நடுவில் தலையை அண்டக் கொடுத்துத்தான் படிக்க முடிந்ததென்றும் எழுதி வைத்திருக்கிறாராம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. எனக்குப் பைத்தியமில்லை.

தலைசுற்றல் மாத்திரைகளை அன்றையிலிருந்து படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். சின்னாரிசின் மாதிரி சுற்றலை அடக்குகிற மாத்திரைகள், திடீரென்று சுற்றி வாந்தி எடுக்கிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாளைக்குத்தான். அதற்குமேல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் மூளை தானாகப் பழகிக்கொள்வதை அது தடுக்கும். மிச்சமிருப்பது பயிற்சிதான். மனிதன் நிற்பது மூன்றை வைத்து: கண், பாதமும் மூட்டும் சொல்கிற சேதி, காது. எனக்குக் காது போய்விட்டது, மற்ற இரண்டையும் வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சுவரில் தினசரி காலண்டரை கண் மட்டத்துக்கு மாட்டி, தேதியையே பார்த்துக்கொண்டு தலையை "இல்லை இல்லை" என்று ஆட்ட வேண்டும், அப்புறம் "ஆமாம் ஆமாம்" என்று. எண் கலங்காமல் தெரிகிற வேகத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே. ஆரம்பத்தில் குமட்டும், எரிச்சலாக வரும், விட்டுவிடத் தோன்றும். ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை செய்வதுதான் பிடித்தது. சுவர் மூலையில் நின்று, முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நிற்பதும் உண்டு. இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட்டை விசாரித்துப் போங்கள். முட்டிவலிக்குக் கரண்ட் வைக்கிற இடத்தில் எல்லோருக்கும் இது தெரிந்திருப்பதில்லை.

வீட்டில் மாற்றியவற்றுக்குப் பெரிய செலவில்லை, சீக்கிரம் செய்திருந்தால் என் மணிக்கட்டு பிழைத்திருக்கும். இப்போது முக்காலி போட்டு உட்கார்ந்துதான் குளிக்கிறேன், அரப்பை விட்டு ஷாம்புக்கு மாறிவிட்டேன், ஒரு கையால் சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கட்டிலிலிருந்து பொடக்காணி வரைக்கும் கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் விளக்குகள். தலைமாட்டில் டார்ச், கழுத்தில் போன். மெத்தென்ற ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரை தெரிகிற மாதிரி மெல்லிய, கெட்டியான அடியுள்ள, பின்வார் வைத்த செருப்பு. உழுத காட்டிலும் மணலிலும் தடியில்லாமல் கால் வைப்பதில்லை. வரப்பு மேல் நடந்துகொண்டே பேச மாட்டேன். யாராவது கூப்பிட்டால் நின்று, அப்புறம் திரும்புவேன். கட்டுத்தறியில் கயிறு தரையில் கிடக்கக் கூடாது. விளக்கில்லாமல் பால் பீய்ச்சுவதில்லை.

தோட்டக்காரர்களுக்கு இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று ராத்திரி மோட்டார். மும்முனைக் கரண்ட் நடுராத்திரியில் வந்தால் டார்ச்சை அடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போவது நமக்குப் பழகிப்போன வேலை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டேன். சில ஆயிரம்தான், இத்தனை செலவில் உருப்படியான செலவு அதுதான். இன்னொன்று தண்ணீர். உள் காது போனவர்களுக்குத் தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாது. காலுக்குத் தரையில்லை, கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. சின்ன வயசிலிருந்து வாய்க்காலில் நீந்தினவளாக இருந்தாலும் மூழ்கினால் மேலே வர வேண்டியவள் கீழே போய்விடலாம். நான் இப்போது வாய்க்கால் கரையில் துணி துவைப்பதைக் கூட விட்டுவிட்டேன்.

என் கதையைப் படித்துவிட்டு எல்லாத் தள்ளாட்டமும் இதுதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மாமியாருக்குப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுற்றும், ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். அவரும் வருஷக்கணக்கில் மாத்திரைதான். நான் சொல்லிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். காதில் இருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழாய்க்குள் போயிருக்கிறது என்று சொல்லி, படுக்க வைத்துத் தலையை ஒரு வரிசையில் திருப்பித் திருப்பி வைத்தார்களாம். எப்லி முறை என்று பெயர். அன்றைக்கே நின்றுவிட்டது, மருந்தே இல்லை. மறுபடி வரலாம், வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். மெனியர் நோய் வேறு. அதில் மணிக்கணக்கில் சுற்றும், காது அடைத்து இரையும், கேட்பது குறைந்து குறைந்து வரும். சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் ஒரு பக்கம் விழுந்தாலோ, புதிதாகத் தாங்க முடியாத தலைவலி வந்தாலோ காது டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், அது பக்கவாதமாக இருக்கலாம்.

ஊசியை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. உயிருக்கே ஆபத்தான தொற்றில் அது காப்பாற்றும், எனக்கும் அப்படித்தான். ஆனால் பெயரைக் கேளுங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ காதுக் கோளாறோ இருந்தால், வீட்டில் யாருக்காவது இப்படி ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி ஓடும் நாட்களில் காது இரைந்தாலோ, எழுந்து நடக்கும்போது தள்ளினாலோ பலவீனம் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவர்கள் ஜென்டாமைசின் கலந்த சொட்டு மருந்தையும் கேட்காமல் ஊற்றக் கூடாது.

இப்போது பகலில் ஓரளவு நேராக நடக்கிறேன். சொசைட்டிக்கு நானேதான் பால் கொண்டுபோகிறேன், விடிந்த பிறகு. இருட்டு மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அது மாறாது என்று சொல்லிவிட்டார்கள். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின், டோப்ராமைசின் ஆகாது என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்ட அட்டையைச் சுருக்குப்பையிலேயே வைத்திருக்கிறேன். போன வருஷம் மறுபடி சிறுநீர்த் தொற்று வந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, நர்ஸ் கொண்டுவந்த தட்டில் அமிகாசின் இருந்தது. அட்டையைக் காட்டினேன். டாக்டர் வந்து படித்துப் பார்த்துவிட்டு, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று காட்டுகிற கல்ச்சர் ரிப்போர்ட்டை வைத்து வேறு மருந்து எழுதினார். பில் கொஞ்சம் கூடத்தான் வந்தது.